மாதாவுக்கு மட்டும் ஆற்றுமண்

றஞ்சிதாவின் நாக்கு ஓம் என்றால்தான் பேசாலை மீன்வாடியில் கருவாட்டு மூடைக்கு வாய் கட்டுவார்கள். கட்டாவோ பாரையோ, முள்ளோரமாக ஒரு நார் சதையைக் கிழித்து நுனி நாக்கில் வைப்பாள். எடுத்துவிட்டு அதே நாரை மறுபடியும் வைப்பாள். இரண்டாம் தடவை உப்புக் குறைந்தால் அது மேலால் தூவின உப்பு. அந்த மீன் உள்ளுக்குள் பழுதாகத் தொடங்கியிருக்கும். மூன்றாம் தடவையும் அதே உப்பு நின்றால் அது ஊறின உப்பு, முள்வரைக்கும் போயிருக்கும். கொழும்பிலிருந்து வருகிற முதலாளிமார் முதலில் சிரித்தார்கள். ஒரு மாரியில் அவளுடைய பேச்சைக் கேளாமல் ஏற்றிப் போன லொறிக்குள் புழு நெளிந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்த நாக்குக்கு ஒரு நாள் சுவரை நக்க வேண்டி வந்தது, பிள்ளைகளே. முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளிக்க வேண்டிய இடம் இனித்தான் வரும்.

வேலை பேசாலையில் என்றாலும் றஞ்சிதா குடியிருந்தது மன்னார் நகரத்தில். மகள் ஜெஸ்லியாவின் படிப்புக்காக வந்து, மில்ரன் என்பவருடைய வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையும் தகரக் குசினியுமாக வாடகைக்கு இருந்தார்கள். புருசன் அருளப்பு கரைவலைக்குப் போகிறவன். வருமானம் கடல் கொடுக்கிற அன்றைக்குத்தான்.

நகரமோ நாலைந்து வருடத்தில் ஊதிப் பெருத்துவிட்டது. காற்றாலை பூட்ட வந்தவர்களுக்கு அறை வேண்டும். வெளிநாட்டுப் பறவை பார்க்க வந்தவர்களுக்கு அறை வேண்டும். வாடகைக்கு இருந்த சனத்தை ஒவ்வொன்றாகக் கிளப்பி, சுவருக்கு வெள்ளை அடித்து, குளிர் மெஷின் பூட்டி, வாசலில் நாரைப் படம் கீறினார்கள். ஒரு நாள் மில்ரனும் செருமிக்கொண்டு வந்து நின்றார்.

"மடு ஆவணித் திருவிழா முடிய எனக்கு அறை வேணும், றஞ்சிதா. கோவியாதை."

அவள் கோவிக்கவில்லை. கையில் ஒரு வீடு இருந்தது. நகரத்து ஓரத்தில் வாடகைச் சனத்துக்கென்று கட்டிக்கொண்டிருந்த 'புதுவாசல்' வீட்டுத்திட்டத்தின் இருபத்திநாலு மலிவு வீடுகளில் பதினேழாம் இலக்கம் அவளுக்கு விழுந்திருந்தது. அதைக் கட்டுகிற கொந்திராத்துக்காரர் கொலின்ஸ் வேறு யாருமல்ல, ஜெஸ்லியாவின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளையைக் கையில் ஏந்தி, பசாசை விட்டுவிடுகிறேன் என்று அவளுக்காகச் சொன்ன மனிதர்.

"அண்ணன் கட்டுற வீடு. கண்ணை மூடிக்கொண்டு குடிபோகலாம்" என்று றஞ்சிதா வாடி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கல் அடுக்குவதும் பூசுவதும் கொந்திராத்துக்காரர் வேலை. சீமெந்து இறுகும்வரை சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது வீடு பெறுகிறவர்கள் வேலை. வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, றஞ்சிதாவைத் தலைவியாக்கினார்கள். அவள் இலேசுப்பட்டவளா? இருபத்திநாலு வீட்டுக்கும் முறை வைத்து, காலையில் யார், பின்னேரம் யார் என்று பிரித்துவிட்டாள். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். முதற்கிழமை வந்தது. அடுத்த கிழமை நின்றுபோயிற்று. கொலின்ஸிடம் கேட்டால், "நாளைக்கு வரும், தங்கச்சி" என்றார். சோளகக் காற்று வீசுகிறது, சுவர் காய்ந்து வெடிக்கப் போகிறது. றஞ்சிதா பொறுக்காமல் சொன்னாள்:

"பக்கத்துக் கிணறு இருக்குத்தானே. கொஞ்சம் உப்புச் சவர்தான், பறவாயில்ல. அள்ளி ஊத்துங்கோ."

ஒன்பது நாள் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பெண்கள் இடுப்பொடிய அள்ளி ஊற்றினார்கள். திட்டத்து வாசலில் கொலின்ஸ் தன் தாயின் பெயரால் நேர்ச்சையாகக் கட்டிக்கொண்டிருந்த மாதா கெபிக்கும் சேர்த்தே ஊற்றினார்கள். கெபி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுயரத்தில் ஒரு குகை, உள்ளே மடுமாதா சுருவம், பக்கச் சுவரில் 'அமரர் திரேசம்மா நினைவாக' என்று ஒரு வெள்ளைக் கல். அது எழும்பின நாளிலிருந்து, அங்கே எந்தக் காரியம் தொடங்கினாலும் அதன் சுவரை உதட்டால் தொட்டு முத்தி செய்துவிட்டுத்தான் தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

ஆவணி பிறந்தது. கதவுத் திறப்பைக் கையில் தருமுன்னம் பார்க்கலாம் என்று சொன்னதும் றஞ்சிதா திரு இருதயப் படத்தையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு பதினேழாம் வீட்டுக்கு ஓடினாள். படம் ஏறாத வீடு வீடா?

கதவைத் திறந்ததும் மணம்தான் முதலில் வந்தது. புதுச் சீமெந்து மணம் இல்லை. வற்றுக்கடலில் சாதாழைப் பாசி அழுகிக் கிடக்குமே, அந்த மணம். சுவரெல்லாம் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது, மழைக்குக் கைவிட்ட கருவாட்டில் பூஞ்சணம் பிடிப்பது போல. ஆணியை வைத்து ஒரு அடி அடித்தாள். ஆணி நிற்கவில்லை. ஒரு பிடி பூச்சு பொலபொலவென்று காலடியில் கொட்டியது. கொட்டின இடம் ஈரமாக, சீழ் வடிகிற புண் மாதிரி இருந்தது.

விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். 'நான்தானே கிணத்துத் தண்ணி ஊத்தச் சொன்னனான்' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு சுவரையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம், இன்னும் இருபத்திமூன்று குடும்பத்தின் சுவரையும் கெடுத்துவிட்டோம் என்று நினைக்க அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து அருளப்புவிடம் சொன்னாள்.

"நீ மீனுக்கு உப்புப் போட்டுப் பழகி வீட்டுக்கும் போட்டிட்டாய்" என்றான் அவன், சிரிக்க வைக்கலாம் என்று. அவள் அழுதாள்.

கையளிப்புக் கூட்டம் சனிக்கிழமை காலை. தகரக் கொட்டிலுக்குள் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். வீடமைப்புக் கந்தோரிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் தில்லைநாதன் வந்திருந்தார். பெருநிலத்து நெல்லுக் கிராமத்து மனிதர். பேச்சுக் குறைவு, கைலேஞ்சியால் எந்நேரமும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். எல்லா வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "சுவரில உப்புப் பூத்திருக்குது" என்றார்.

கொலின்ஸ் எழும்பினார். நல்ல வெள்ளைச் சேட்டு, கழுத்தில் தங்கச் செபமாலை.

"சேர், நான் குறை சொல்லக் கூடாது, எல்லாம் என்ர சனம். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வேணும். இவையள் ஒன்பது நாள் சவர்த்தண்ணி ஊத்தினவை. சீமெந்து குடிச்சிட்டுது. நான் என்ன செய்ய?"

"ஆர் ஊத்தச் சொன்னது?"

கொலின்ஸ் கவலையோடு தலையை மட்டும் றஞ்சிதாவின் பக்கம் திருப்பினார். இருபத்திமூன்று தலையும் கூடவே திரும்பின.

"தலைவியம்மா கட்டளை போட்டவ" என்றாள் முன்வரிசையில் இருந்த றோஸ்மேரி. பன்னிரண்டாம் வீட்டுக்காரி, நாக்கில் முள்ளோடு பிறந்தவள். "முறை தவறினால் வீட்டு வாசலுக்கே வந்து கத்துவா. இப்ப ஏன் வாய்க்குள்ள கொழுக்கட்டை?"

தில்லைநாதன் ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். பயனாளிகளின் கவனயீனத்தால் வந்த பழுதுக்குக் கொந்திராத்துக்காரர் பொறுப்பில்லை; சங்கத் தலைவி ஏற்றுக் கையெழுத்து வைத்தால் இன்றைக்கே திறப்புக் கொடுக்கலாம். வைக்காவிட்டால் விசாரணை முடியும்வரை எல்லா வீடும் பூட்டுத்தான்.

கொலின்ஸ் கிட்ட வந்து குனிந்தார். அவருடைய வாயில் ஏலக்காய் மணத்தது.

"வை, தங்கச்சி. நான் பெயின்ற் வாங்கித் தாறன், பூசி மறைச்சிடலாம். என்ர ஞானப்பிள்ளை றோட்டில நிக்கிறதை நான் பாப்பனோ?"

மில்ரன் கொடுத்த திருவிழாத் தவணை முடிய நாலே நாள் மிச்சம். பிழை தன்னுடையது. றஞ்சிதா பேனையை வாங்கினாள். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்து, "மாதாவை முத்தி செய்திட்டு வந்து வைக்கிறன்" என்று எழும்பிப் போனாள்.

கெபிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, 'தாயே, என்ர பிழையைப் பொறுத்துக்கொள்ளும்' என்றாள். முத்தி செய்தாள். உதட்டில் இலேசாகச் சவர் தட்டியது. கிணற்றுத் தண்ணீர்தானே, தட்டத்தான் செய்யும். ஆனால் வாடியில் பழகின நாக்கு கேட்டுக்கொண்டா இருக்கும்? அதே இடத்தில் மறுபடியும் முத்தி செய்தாள். சவர் போய்விட்டது. மூன்றாம் தடவை நாக்கையே வைத்தாள். வெறும் சீமெந்து. வெயில் காய்ந்த நல்ல, சுத்தமான, உப்பில்லாத சீமெந்து.

மேலால் தூவின உப்பு.

கொட்டிலில் இருந்தவர்கள் அவளுடைய பக்தியைப் பார்த்து உருகிப் போனார்கள். இரண்டு பேர் சிலுவை கூடப் போட்டார்கள். அவளோ திரும்பி ஓட்டமாக முதலாம் வீட்டுச் சுவருக்குப் போய், எல்லாரும் பார்த்திருக்க, அதையும் நக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாம் தடவையும் முதற்தடவை உப்பே நின்றது, ஊறின உப்பு. ஓங்காளம் வந்தது. துப்பிவிட்டு வாயை முன்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இவளுக்கு விசரடா" என்றார் யாரோ.

"அண்ணன்," என்றாள் றஞ்சிதா. "கெபிக்கும் நாங்கள்தானே தண்ணி ஊத்தினனாங்கள்?"

"ஓம்."

"இதே கிணத்துத் தண்ணி?"

"ஓம். இப்ப அதுக்கென்ன?"

"அப்ப ஏன் கெபியில உப்புப் பூக்கேல்ல?"

கொலின்ஸ் கண்ணை மூடி, கையைக் கூப்பி, கெபிப் பக்கம் பார்த்தார். "அது மாதாவின்ர புதுமை, தங்கச்சி."

பாருங்கள் பிள்ளைகளே, அவருக்குத் தொண்டை கூட அடைக்கவில்லை. இன்னும் நாலு பேர் சிலுவை போட்டார்கள்.

றஞ்சிதா குரலை உயர்த்தவில்லை. விலை பேசி ஆளின் வாயைக் கிளறும்போது அவள் குரலை உயர்த்துவதே இல்லை.

"புதுமையோ? நான் அப்பிடி நினைக்கேல்ல. கெபியையும் நீங்கள் கடல்மண்ணிலதான் கட்டியிருப்பீங்கள். வெளியால பூசி மறைச்சிருக்கிறீங்கள். இன்னும் ஒரு மாரி போனால் மாதாவின்ர தலையில கொட்டுண்டும்."

கொலின்ஸின் முகம் சிவந்தது. செபமாலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"வாயைக் கழுவு! மாதாவின்ர கெபிக்குக் கடல்மண் போட நான் என்ன வேதம் இல்லாதவனோ? அவ்வளவும் அருவியாத்து மண்! பெர்மிட் எடுத்து, பாலம் தாண்டி, நானே றக்ரரில ஏறியிருந்து கொண்டுவந்தனான்! என்ர அம்மாவின்ர பேரில கட்டினது!"

தகரத்தில் சோளகம் உராய்ந்தது. தான் சொன்னது கொலின்ஸுக்கே பிறகுதான் கேட்டது போல.

றோஸ்மேரி மெல்ல எழும்பினாள்.

"அப்ப எங்களுக்கு?"

அவர் செபமாலையைச் சேட்டுக்குள் விட்டார்.

"எங்களுக்கு என்ன மண், கொலின்ஸ்?" அண்ணனும் இல்லை, ஐயாவும் இல்லை. வெறும் கொலின்ஸ்.

பிறகு நடந்ததைப் போல அந்தக் கரையில் யாரும் கண்டதில்லை. றோஸ்மேரி நேரே பன்னிரண்டாம் வீட்டுக்குப் போனாள், சுவரை நக்கினாள், "தூ!" என்று துப்பினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒன்றாகப் போகிற பெண்கள் அன்றைக்குத் தங்கள் தங்கள் வீட்டுச் சுவரை நக்கப் போனார்கள். வாசலுக்கு வாசல் துப்பல். ஒருத்தி வாந்தி எடுத்தாள். மிச்சமாய்க் கிடந்த ஒரு சீமெந்துக் கல்லை ஒருத்தி அலவாங்கால் உடைத்தாள். நடுவயிற்றில் நொறுங்கின சிப்பியும், ஒரு துண்டுக் கருத்த சாதாழையும், நண்டின் கால் ஒன்றும் இருந்தன. அந்த நண்டுக் காலைக் கொண்டுவந்து தில்லைநாதனின் கடதாசிக்கு மேல் வைத்தாள்.

தில்லைநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் துடைக்கவும் மறந்துபோனார்.

"அத்திவாரத்திலயே சிப்பியைக் கண்டனான்" என்றார், யாரையும் பாராமல். "ஆத்துக்கரையில பிறந்தவனுக்கு ஆத்துமண் தெரியாதோ? மேலிடத்துக்கு முடிச்சுக் காட்ட வேணும் எண்டு அவசரப்படுத்தினவை. நானும் பாத்தும் பாராமல் கையெழுத்து வைச்சனான்."

"அப்ப நீங்களும் ஒருக்கா நாக்கை நீட்டிப் பாக்கலாம்தானே, சேர்" என்றாள் றோஸ்மேரி. அவர் எழும்பிப் போனார். நீட்டினார். திரும்பி வந்தபோது பழைய கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, புதுக் கடதாசியில் எழுதத் தொடங்கினார். ஒரே தண்ணீர், ஒரே கைகள், கெபி நன்றாக இருக்கிறது, வீடுகள் பழுது என்று றஞ்சிதா சொல்லச் சொல்ல எழுதினார். தான் கண்டும் காணாமல் விட்டதையும் அடியில் எழுதிவிட்டு, "இதால என்ர வேலை போனாலும் போகும்" என்றார். யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ஆனால் உடனே ஒண்டும் நடக்காது. கல்லைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேணும். மாதக்கணக்கு எடுக்கும். அதுவரைக்கும் திறப்பு இல்லை."

கூட்டம் கலைகிற நேரம் கொலின்ஸ் அவளை வேலியோரம் மறித்தார்.

"சரி, பிழை நடந்து போச்சு. உன்ர வீட்டை மட்டும் உடைச்சு, ஆத்துமண்ணில கட்டித் தாறன். ஒருத்தருக்கும் சொல்லாதை. ஜெஸ்லியாவுக்கு என்ர கையால செய்யிறதாய் இருக்கட்டும். அந்தக் கடதாசியை மட்டும் வாங்கிக் கிழிச்சுப்போடு."

கடல்மண்ணை நக்கியபோது வராத கசப்பு அப்போதுதான் றஞ்சிதாவின் வாயில் ஊறியது. பிள்ளைக்காகப் பசாசை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன வாய் இது.

"அண்ணன், தள்ளி நில்லுங்கோ" என்றாள். "எனக்குச் சத்தி வருது."

அவள் கையெழுத்து வைக்கவில்லை. வேறு யாரும் வைக்கவும் இல்லை. ஆனால் நாலு நாள் நாலே நாளில் முடிந்தது. மில்ரன் நல்லவர்தான், சாமான் தூக்கக் கூட உதவி செய்தார். ஜெஸ்லியாவைப் புத்தகங்களோடு றோஸ்மேரியின் தங்கை வீட்டில் விட்டார்கள். கட்டிலையும் அலுமாரியையும் எங்கே கொண்டுபோவது?

"கடற்கரையில தறப்பாள் கூடாரம் கட்டுவம்" என்றான் அருளப்பு.

"என்னத்துக்குக் கடற்கரை? புதுவாசலில நல்ல மண்ணில எழும்பின சுவர் ஒண்டு இருக்குத்தானே."

கெபியின் பக்கச் சுவரில் தறப்பாளைச் சாத்திக் கட்டினார்கள். சோளகம் அங்கே படாது. கட்டிலைப் போட்டாள், அலுமாரியை வைத்தாள், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். திரு இருதயப் படத்துக்கு அந்தச் சுவரில் ஆணி அடித்தாள். ஒரே அடியில் ஆணி கம்பீரமாக நின்றது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. 'தாயே, கொஞ்சம் அரக்கித் தள்ளி இரும்' என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டாள்.

அடுப்புக்கு நேர்மேலேதான் 'அமரர் திரேசம்மா நினைவாக' என்ற வெள்ளைக் கல். வேண்டுமென்று வைத்தாளா, இடவசதி அப்படியா என்று நான் கேட்கவில்லை. புகை ஏறி முதற்கிழமை 'அமரர்' மங்கியது. அடுத்த கிழமை திரேசம்மாவும் கருகத் தொடங்கினாள். நகரத்துக்குள் போகிற பெரிய வீதி பக்கத்தில்தான். பூசைக்குப் போகிற சனம் எல்லாம் நின்று பார்த்தது. "கொலின்ஸ் கட்டின வீடு எது?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், றோஸ்மேரி தறப்பாளைக் கைகாட்டி, நண்டுக் கால்வரைக்கும் முழுக் கதையையும் சொன்னாள்.

மூன்றாம் கிழமை கொலின்ஸ் வந்தார். வெள்ளைச் சேட்டு இல்லை.

"அம்மாவின்ர பேர் கரிபிடிக்குது, றஞ்சிதா."

"ஓம் அண்ணன், நானும் கண்டனான். ஒரு துணி கொண்டுவந்து துடைச்சுவிடுங்கோ. அடுப்பு அணைக்க ஏலாது, உலை வைச்சிருக்கிறன்."

"உனக்கு இப்ப என்ன வேணும்?"

"இருபத்திநாலு வீட்டுக்கும் மாதாவுக்குப் போட்ட மண்."

அவர் அடுப்பையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார். "நாளையில இருந்து ஏத்துவிக்கிறன்."

மறுநாள் முற்பகல் முதல் றக்ரர் வந்தது. இழுவைப் பெட்டி நிறையப் பொன்னிறமாக, சிப்பி ஒன்றும் இல்லாத அழகான மணல். பெண்கள் கைதட்டினார்கள். றோஸ்மேரி கூட "பாவம், மனிசன் திருந்திட்டார் போல" என்றாள். றஞ்சிதா ஈரக்கையை முன்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, சில்லில் கால் வைத்து ஏறி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

இனித்தது. அருவியாற்று மண்.

எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். அவள் இறங்கவில்லை. மூடையின் வாயில் இருக்கிற மீனைப் பார்த்து அவள் எந்தக் காலத்தில் மூடை கட்டியிருக்கிறாள்? சேலையைச் செருகிக்கொண்டு முழங்கையளவுக்கு மணலுக்குள் கையை விட்டாள். பெட்டியின் வயிற்றிலிருந்து ஒரு பிடியை இழுத்து எடுத்தாள். அது கருப்பாய், ஈரமாய், விரல்களில் ஒட்டியது. முகர்ந்தாள். சாதாழை. நாக்கில் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

துப்பினாள்.

"தம்பி, திருப்பு" என்றாள் ஓட்டி வந்தவனிடம்.

"அக்கா, நான் ஏத்தினதைக் கொண்டுவாறவன்..."

"உன்னில பிழை இல்லை. கொண்டுபோய்க் கொலின்ஸ் வீட்டு முத்தத்தில கொட்டு. றஞ்சிதா நக்கிப் பாத்தவ எண்டு சொல்லு. அவருக்கு விளங்கும்."

றக்ரர் பின்பக்கமாக உறுமித் திரும்பியது. றோஸ்மேரி வாய்க்குள் கிடந்த "பாவம்" என்ற சொல்லையும் சேர்த்துத் துப்பினாள். றஞ்சிதா குடத்துத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு தறப்பாளுக்குள் குனிந்து போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குள் இன்னும் இரண்டு பச்சை விறகைத் தள்ளினாள். நல்ல கரும்புகை எழுந்து, அந்தத் திட்டத்தில் உறுதியாக நின்ற ஒரே சுவர் வழியே, வெள்ளைக் கல்லை நோக்கி மெல்ல ஏறியது.